நாவலுக்குப் பாட்டின் அமைப்பைக் கொடுக்க முடியுமா? (மூன்றாவது வரைவில் நின்றுபோன ஒருத்தியின் கேள்வி)

மழைக்குறிப்பு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மூன்றாவது வரைவு, 340 பக்கம். இரண்டு சகோதரிகள். அவர்களுடைய அப்பா ஒரு ராத்திரி வீட்டை விட்டுப் போகிறார், திரும்பி வரவே இல்லை. அந்த ராத்திரிதான் நாவலின் மையம். மற்றதெல்லாம் அதற்கு முன்பும் பின்பும் நடப்பவை.

சின்ன வயதில் சில வருடம் பாட்டு கற்றுக்கொண்டேன். அதனால் முதல் வரைவிலேயே இதை ஒரு கிருதி (கர்நாடக சங்கீதப் பாட்டு வடிவம்) மாதிரி அமைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மூன்று பாகம்: பல்லவி, அனுபல்லவி, சரணம். பல்லவியில் அந்த ராத்திரி. அனுபல்லவியில் அக்காவின் கதை. சரணத்தில் தங்கையின் கதை. எழுதும்போது அது எனக்குப் பெரிய பிடிமானமாக இருந்தது.

படித்துப் பார்த்த மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சொன்னார்கள். பாகங்களின் தலைப்பை எடுத்துவிட்டால் இது வழக்கமான மூன்று பாக நாவல். நடுவில் நூறு பக்கம் நகரவே இல்லை. "இதில் இசை எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இசையமைப்பின் முறைகள் உண்மையிலேயே ஒரு நாவலின் எலும்புக்கூட்டை மாற்ற முடியுமா? அல்லது நான் அழகான பெயர்களை ஒட்டிவைத்துக்கொண்டு என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா?

---

ஒற்றைவரி

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. காரணத்தையும் சொல்கிறேன்.

இசையில் நான்கு குரல்கள் ஒரே நொடியில் ஒலிக்கலாம். எழுத்தில் ஒரு சொல் முடிந்துதான் அடுத்த சொல். இந்த ஒரு வேறுபாடே போதும். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1928-ல் 'பாயிண்ட் கவுண்டர் பாயிண்ட்' என்று இசைக்கலையின் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். அதில் வரும் எழுத்தாளன் ஒருவன், புனைகதையை இசையாக்குவது பற்றித் தன் குறிப்பேட்டில் எழுதுகிறான். அந்தக் குறிப்பு அபாரமானது. ஆனால் நாவலில் நான் பார்த்தது பல கதைகள் மாறி மாறி வருவதை மட்டும்தான். அதை எந்தத் தொடர்கதையும் செய்யும். ஜாய்ஸ் தன் 'யுலிசஸ்' (1922) நாவலில் ஒரு அத்தியாயத்தை ஃப்யூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் இசை வடிவம்) என்றார். அது எந்த வகையில் ஃப்யூக் என்று இன்றுவரை ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

உங்கள் மூன்று வாசகர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். வருத்தப்படாதீர்கள். தலைப்புகளை எடுத்துவிட்டுக் கதையைப் பாருங்கள்.

---

மந்த்ரஸ்தாயி

மழைக்குறிப்பு, ஒரே ஒரு கேள்வி. அந்த ராத்திரி முதல் பாகத்துக்குப் பிறகு எத்தனை தடவை திரும்பி வருகிறது?

---

மழைக்குறிப்பு

திரும்பி வரவில்லை அக்கா. பாத்திரங்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். காட்சியாக முதல் பாகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

---

மந்த்ரஸ்தாயி

அப்படியென்றால் நீங்கள் எழுதியது பல்லவி இல்லை. முதல் அத்தியாயம்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். குழந்தைகளும் இதே தவறைத்தான் செய்வார்கள். பல்லவி என்றால் பாட்டின் முதல் பகுதி என்று நினைப்பார்கள். முதலில் வருவதால் அது பல்லவி ஆவதில்லை. அனுபல்லவி முடிந்ததும் அங்கேதான் போகிறோம், சரணம் முடிந்ததும் அங்கேதான். போன இடத்திலிருந்து வந்து சேர ஒரு வீடு இருப்பதால்தான் அது பல்லவி. திரும்பி வராத பல்லவி என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று. முதல் வரியை ஐந்தாறு சங்கதிகளில், அதாவது மெட்டைப் படிப்படியாக விரித்து, பாடுவோம். சொல் மாறாது. தாளத்தில் அது உட்கார்ந்திருக்கும் இடமும் மாறாது. முதல் சங்கதி வெறும் எலும்பு. கடைசிச் சங்கதி வரும்போது அதே வரி தாங்க முடியாத அளவுக்கு நிறைந்திருக்கும். ஆனால் அனுபல்லவி பாடிவிட்டுத் திரும்பும்போது எல்லாச் சங்கதிகளையும் மறுபடி பாடுவதில்லை. ஒன்றைப் பாடினாலே போதும். ஏனென்றால் மற்றவை கேட்பவரின் காதில் இருக்கின்றன. பாடாமல் விட்டதும் கேட்கும். நாவலில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று இங்கே நிறையப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பாட்டுதான் தெரியும்.

---

பழையஏடு

மந்த்ரஸ்தாயி அம்மா சொன்னதை நான் இரண்டு தடவை படித்தேன். இந்த இழையின் பதில் அதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மீதியை நாவலின் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிலன் குந்தேராவை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய அப்பா பியானோ கலைஞர். அவரும் இளமையில் இசையமைப்புப் படித்தவர். அவருக்கு இசை தூரத்திலிருந்து ரசித்த பொருள் அல்ல, கைப்பழக்கம். 1984-ல் வந்த 'இருத்தலின் தாங்க முடியாத மென்மை' ஏழு பகுதிகள் கொண்டது. அதில் சபீனா என்ற ஓவியரிடம் ஒரு பழைய வட்டத் தொப்பி இருக்கிறது. தாத்தாவின் தொப்பி. முதலில் அது காதலர்களுக்கு இடையே ஒரு விளையாட்டு. பிறகு அவளுடைய குடும்பத்தின் ஞாபகம். பிறகு நாடு கடந்து வாழும்போது, இனி யாருக்கும் விளக்க முடியாத ஒரு கடந்த காலம். தொப்பி அதேதான். ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தைய அர்த்தங்களையும் சுமந்துகொண்டு வருகிறது. ஆற்றின் படுகை ஒன்று, நீர் வேறு வேறு என்று அவரே அதை விளக்குகிறார். அம்மா சொன்ன சங்கதி இதுதான்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு இடம். நாயகனும் நாயகியும் ஒரு விபத்தில் இறந்துபோன செய்தி மூன்றாம் பகுதியின் முடிவில், வேறொருத்திக்கு வரும் கடிதத்தில், போகிற போக்கில் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகும் நான்கு பகுதிகள் இருக்கின்றன. கடைசிப் பகுதியில் இருவரும் உயிரோடு, ஒரு கிராமத்தில், வயதான நாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் நடனமாடிவிட்டு மாடி ஏறிப் படுக்கப் போகிறார்கள். மிகச் சாதாரணமான பக்கங்கள். ஆனால் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. 'அடுத்து என்ன' என்ற கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லியாகிவிட்டது. மிச்சமிருப்பது ஒலி மட்டுமே. தெரிந்த ராகத்தைக் கேட்கும்போது நாம் அடுத்த ஸ்வரம் என்னவென்று கண்டுபிடிக்க உட்காருவதில்லையே. எப்படி வந்து சேரும் என்றுதான் காத்திருக்கிறோம்.

இசையிடமிருந்து நாவல் வாங்கிக்கொள்ளக்கூடிய பெரிய பொருள் இதுதான் என்று நான் நம்புகிறேன். கேட்பவரின் நினைவை வைத்துக் காலத்தைக் கட்டுவது. பாகங்களின் பெயர் வேண்டாம், அந்தப் பாகங்கள் இசையில் செய்யும் வேலை வேண்டும்.

வர்ஜீனியா வுல்ஃப் 'அலைகள்' (1931) எழுதிக்கொண்டிருந்தபோது, தான் கதைத்திட்டத்துக்கு எழுதவில்லை, ஒரு தாளகதிக்கு எழுதுகிறேன் என்று கடிதத்தில் குறிப்பிட்டார். அதைப் பெறுபவரும் ஓர் இசையமைப்பாளர், எத்தல் ஸ்மித். ஆறு குரல்கள், இடையிடையே ஒரே நாளின் சூரியன் ஏறி இறங்கும் சிறு பகுதிகள். கதையைச் சொல்லச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வாசித்து முடிக்கும்போது ஆறு ஆயுள் கழிந்திருக்கும்.

---

ஒற்றைவரி

பழையஏடு சார், தொப்பி திரும்பி வருவதைக் குறியீடு என்றும் சொல்லலாமே. அதற்கு இசை எதற்கு? காவியங்களில் இதெல்லாம் எப்போதோ இருக்கிறது. என் முதல் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு குரல். எழுத்தில் அது எங்கே சாத்தியம்?

---

பழையஏடு

நல்ல கேள்வி. அதற்கு இசையே பதில் வைத்திருக்கிறது.

பாக் தனி வயலினுக்காக எழுதிய சொனாட்டாக்களும் பார்ட்டிட்டாக்களும் இருக்கின்றன. கையெழுத்துப் படியில் 1720 என்று ஆண்டு இருக்கிறது. ஒரே வயலின், துணைக்கு எதுவும் இல்லை. நீண்ட பகுதிகளில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். ஆனாலும் இரண்டு மூன்று குரல்கள் கேட்கின்றன. எப்படி? வில் கீழ்ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே தாவுகிறது. மேலே நான்கைந்து ஸ்வரம் வாசித்துவிட்டு மறுபடி கீழே வந்து, விட்ட இடத்துக்கு அடுத்த படியைத் தொடுகிறது. நடுவில் கீழ்க்குரல் ஒலிக்கவே இல்லை. நம் காது அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதாவது ஒரே வரியில் பல குரல் எழுப்பும் வழி இசைக்கே தேவைப்பட்டது, அது கண்டும் பிடித்தது. நாவல் கற்றுக்கொள்ள வேண்டியது நான்கு பேர் சேர்ந்து பாடும் ஃப்யூக்கிடம் அல்ல, இந்தத் தனி வயலினிடம்.

ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'யில் (1857) விவசாயக் கண்காட்சி அத்தியாயம் ஞாபகம் இருக்கிறதா? மேலே மாடியில் ரொடால்ஃப் எம்மாவிடம் காதல் பேசுகிறான். கீழே மேடையில் அதிகாரிகளின் சொற்பொழிவு, பிறகு பரிசு அறிவிப்பு. முதலில் நீண்ட நீண்ட பத்திகளாக மாறி மாறி வருகின்றன. போகப் போகத் துண்டுகள் சிறிதாகின்றன. கடைசியில் அவன் ஒரு வரி, மேடை ஒரு வரி. காதல் வசனத்தின் மேல் எருவுக்கான பரிசு வந்து விழுகிறது. அந்த இடத்தில் இரண்டும் சேர்ந்துதான் கேட்கின்றன. தனித்தனியாகப் பிரித்து வைத்தால் இரண்டுமே தட்டையான பேச்சுகள். சிம்பனியின் விளைவைப் புத்தகத்தில் கொண்டுவர முடியுமானால் அது இந்த இடத்தில்தான் என்று அதை எழுதிக்கொண்டிருந்தபோதே ஃப்ளோபேர் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

---

ஒற்றைவரி

அந்த அத்தியாயத்தை எடுத்து மறுபடி படித்தேன். துண்டுகளின் நீளம் குறைந்துகொண்டே வருவதை முன்பு கவனித்ததில்லை. அது தற்செயலாக அமைந்ததல்ல என்று ஒத்துக்கொள்கிறேன். ஓர் அத்தியாயத்தில் முடியும். முழு நாவலில் முடியுமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது.

---

மந்த்ரஸ்தாயி

காவியங்களில் இருக்கிறது என்று சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தின் கானல்வரியை நான் மாணவிகளுக்குப் பாடிக் காட்டுவதுண்டு.

கோவலன் யாழை வாங்கிக் காவிரியைப் பார்த்துப் பாடுகிறான். சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊடாமல் இருக்கிறாய் என்பது பொருள். "புலவாய் வாழி காவேரி" என்று முடிக்கிறான். மாதவிக்கு உறுத்துகிறது. யாழை வாங்கி, அதே காவிரியை, அதே வாய்பாட்டில், அதே "வாழி காவேரி" முடிப்போடு பாடுகிறாள். "நடந்தாய் வாழி காவேரி." நீ இப்படி அசைந்து நடப்பது உன் கணவனின் செங்கோல் வளையாததால்தான் என்கிறாள். பாட்டு அதே அச்சு. அவன் 'அவன் வேறொருத்தியிடம் போனாலும்' என்கிறான். அவள் 'அவன் கோணாமல் இருப்பதால்' என்கிறாள். யாரும் யாரையும் நேராக எதுவும் சொல்லவில்லை. வடிவம் ஒன்றாக இருப்பதால்தான் வேறுபாடு கத்தியாக இறங்குகிறது. அடுத்தடுத்த பாட்டுகளில் அவள் வேறு ஒருவனை நினைத்துப் பாடுவதாக அவன் எடுத்துக்கொள்கிறான், எழுந்து போகிறான்.

முப்பது காதைகளில் இது ஏழாவது. இதற்குப் பிறகு நடப்பதெல்லாம், மதுரை எரிவது வரை, இந்த இரண்டு பாட்டுகள் ஒன்றை ஒன்று சரியாகக் கேட்காததால் நடக்கின்றன. பாட்டு இங்கே கதைக்கு நடுவில் வரும் அலங்காரம் இல்லை. பாட்டை எடுத்துவிட்டால் கதையே திரும்பாது. இளங்கோவடிகள் இரண்டு பாட்டுக்கும் ஒரே அமைப்பைக் கொடுத்தது ஓசை இன்பத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

மழைக்குறிப்பு, உங்களிடம் இரண்டு சகோதரிகள் இருக்கிறார்களே. அவர்கள் இருவரும் ஒரே ராத்திரியைப் பார்த்திருக்கிறார்களே.

---

மழைக்குறிப்பு

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அக்கா.

அக்கா பகுதியும் தங்கை பகுதியும் என் வரைவில் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதே இல்லை. இரண்டும் வேறு வேறு நடையில், வேறு வேறு நீளத்தில் இருக்கின்றன. வித்தியாசமாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். ஒரே அச்சில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் நகராத அந்த நூறு பக்கத்துக்கு என்ன செய்வது? அதில் சம்பவம் இல்லாமல் இல்லை. ஒரு கல்யாணம் இருக்கிறது, ஒரு சாவு இருக்கிறது. வேகமாகப் போகட்டும் என்று அத்தியாயங்களைக் கூடச் சின்னதாக்கிப் பார்த்துவிட்டேன்.

---

தொப்பிவலந்தலை

வணக்கம்ங்க. நான் மிருதங்கம் வாசிக்கிறவன். நாவல் அதிகம் படிச்சதில்லை. ஆனா வேகம்னு வந்ததால எழுதுறேன்.

எங்ககிட்ட புதுசா வர்ற பசங்க எல்லாரும் வேகம்னா நிறைய அடிக்கிறதுன்னு நினைப்பாங்க. ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட ஒரு சுத்து, முழுக்க சொல்லைப் போட்டு அடைப்பாங்க. கேக்கறவருக்கு அது வேகமாவே தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி அடர்த்தியா இருந்தா நின்னுட்ட மாதிரிதான் இருக்கும். உங்க நூறு பக்கம் அதுவான்னு பாருங்க.

ராகம் தானம் பல்லவின்னு ஒரே வரியை வச்சு விரிவா பாடுற உருப்படி இருக்கு, அதுல திரிகாலம்னு ஒண்ணு செய்வாங்க. தாளம் அதே வேகத்துல போயிட்டே இருக்கும். பல்லவி வரி மட்டும் முதல்ல ஒரு காலம், அப்புறம் ரெண்டு மடங்கு, அப்புறம் நாலு மடங்கு. வரி ஒண்ணுதான், கை போடுற தாளம் ஒண்ணுதான். முதல் தடவை ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல மூச்சு விட இடம் இருக்கும். நாலு மடங்குல வரும்போது அதே வரி ஒரு பொறி மாதிரி பறந்துடும். ஆனா புரியும். ஏன்னா மெதுவா கேட்டாச்சு. முதல்லயே நாலு மடங்குல பாடினா யாருக்கும் ஒண்ணும் ஒட்டாது.

பல்லவியில அறுதின்னு ஒரு இடம் இருக்கு. வரியோட முதல் பாதி வந்து விழற இடம். நீங்க நிரவல் பண்ணுங்க (அதே வரியை வேற வேற மாதிரி விரிக்கிறது), சங்கதி போடுங்க, எதை வேணாலும் மாத்துங்க. அந்த இடத்துல அந்த எழுத்து விழுந்தே ஆகணும். அது நகர்ந்தா பல்லவி போச்சு. உங்க ராத்திரியில அறுதி எது? எந்த ஒரு விஷயம் யார் சொன்னாலும் மாறக்கூடாது?

---

பழையஏடு

இவர் சொன்னதற்கு நாவல் பக்கமிருந்து ஒரு சாட்சி. குந்தேரா தன் கட்டுரை நூல் ஒன்றில் தம்முடைய 'வாழ்க்கை வேறெங்கோ' நாவலின் ஒவ்வொரு பகுதிக்கும் இசைக் காலப்பிரமாணத்தைக் குறித்து வைக்கிறார், மொடெராட்டோ (மிதமான வேகம்), பிரெஸ்டோ (மிக வேகம்) என்று. அத்தியாயங்களின் எண்ணிக்கையையும் பக்கங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறார். அதில் கவனிக்க வேண்டியது ஒரு விதிவிலக்கு. ஐந்தாம் பகுதி கதாநாயகனின் வாழ்வில் ஒரு முழு ஆண்டு. ஆறாம் பகுதி சில மணி நேரம் மட்டுமே. ஆறில் அத்தியாயங்கள் மிகச் சிறியவை, இருந்தும் அதற்கு அவர் இட்ட பெயர் அடாஜியோ, அதாவது மந்தகதி. சிறிய அத்தியாயம் என்றால் வேகம் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். சொல்லப்படும் காலத்துக்கும் சொல்ல எடுத்துக்கொள்ளும் இடத்துக்கும் உள்ள விகிதம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சில மணி நேரத்தைப் பல சின்ன அத்தியாயங்களாக நறுக்கினால் காலம் நின்றுவிடும்.

நீங்கள் அத்தியாயங்களைச் சின்னதாக்கியும் நகராததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

கியூப எழுத்தாளர் அலெஹோ கார்பெந்தியரின் 'எல் அகோசோ' (1956) இன்னொரு எல்லை. துரத்தப்படும் ஒருவன் ஓர் இசையரங்குக்குள் ஒளிந்துகொள்கிறான். உள்ளே பீத்தோவனின் மூன்றாவது சிம்பனி நடக்கிறது. அது ஒலிக்கும் 46 நிமிடம்தான் கதையின் இன்றைய காலம். முன்கதை எல்லாம் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சிம்பனி முடியும்போது அவன் ஒளிந்திருக்கவும் நேரம் இல்லை. வாசகருக்குக் கடிகாரம் தேவையில்லை, சிம்பனியே கடிகாரம். அதே சிம்பனியை வைத்து அந்தோணி பர்ஜெஸ் 1974-ல் நெப்போலியனைப் பற்றி நான்கு பாக நாவல் எழுதினார். அது துணிச்சலான முயற்சிதான். ஆனால் எனக்கு அதில் கட்டுமானச் சத்தம் அதிகம் கேட்கிறது. கார்பெந்தியரே மனதில் நிற்கிறார்.

---

இரவல்_புத்தகம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டேவிட் மிட்செலின் 'கிளவுட் அட்லஸ்' (2004) பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆறு கதைகள். முதல் ஐந்தும் பாதியில் அறுந்து அடுத்ததற்கு இடம் விடுகின்றன. ஆறாவது மட்டும் முழுதாக வருகிறது. பிறகு ஐந்து, நான்கு, மூன்று என்று பின்னோக்கி ஒவ்வொன்றும் முடிகிறது. உள்ளே ஓர் இசையமைப்பாளன் இதே அமைப்பில் ஆறு வாத்தியங்களுக்கு ஒரு உருப்படி எழுதுகிறான். நம் இசையில் இப்படி ஏதாவது உண்டா?

---

மந்த்ரஸ்தாயி

உண்டு தம்பி. முத்துசுவாமி தீட்சிதரின் பதினான்கு ராக ராகமாலிகை. ஒவ்வொரு ராகமாக முன்னே போய், திரும்பும்போது அதே ராகங்களைத் தலைகீழ் வரிசையில் விறுவிறுவென்று தொட்டுக்கொண்டு முதல் ராகத்துக்கு வந்து சேரும். போகும்போது நின்று நிதானமாக, வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கீற்று. பாடும்போது எனக்கு எப்போதும் ஒரே அனுபவம்தான்: போகும்போது ராகங்கள் தனித்தனி ஊர்கள், வரும்போது எல்லாம் ஒரே பாதை.

---

மழைக்குறிப்பு

தொப்பிவலந்தலை சார் கேட்ட கேள்வியோடு மூன்று நாள் இருந்தேன். யார் சொன்னாலும் மாறாதது: வாசல் கதவின் தாழ்ப்பாள் சத்தம். அப்பா போனபோது எல்லோரும் கேட்டது அது ஒன்றுதான். பார்த்தவர் யாரும் இல்லை.

இன்னொரு சந்தேகம். அந்தச் சத்தம் மூன்று முறை வரப்போகிறது என்றால், மூன்றாவது முறை வாசகருக்குச் சலிக்காதா?

---

தொப்பிவலந்தலை

அம்மா, மூணு தடவைங்கறது எங்க தொழிலோட அஸ்திவாரம். தீர்மானம்னாலே ஒரே சொல்லை மூணு தடவை வாசிச்சு முடிக்கிறதுதான். முதல் தடவை அது வெறும் சொல்லுக்கட்டு. ரெண்டாவது தடவை 'ஓ, இதுவா' ன்னு அடையாளம் தெரியும். மூணாவது வரும்போது கேக்கறவர் உங்களுக்கு முன்னாடியே போய் அந்த இடத்துல உக்காந்திருப்பார். நீங்க போய்ச் சேரணும், அவ்வளவுதான். சலிப்பு வர்றது எப்போன்னா, எங்க போய் விழுதுன்னு வாசிக்கிறவனுக்கே தெரியாதப்போதான்.

சின்ன கணக்கு ஒண்ணு சொல்றேன். ஆதிதாளம், எட்டு அட்சரம், நாலு நாலா வச்சா 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' அஞ்சு மாத்திரை. மூணு தடவை வாசிச்சா 15. நடுவுல ரெண்டு இடத்துல ரெண்டு ரெண்டு மாத்திரை கார்வை விட்டா மொத்தம் 19. சமத்துல, அதாவது தாளம் ஆரம்பிக்கிற இடத்துல, வந்து விழணும்னா 32-ல 19 போக, 13 மாத்திரை விட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். பன்னெண்டுல ஆரம்பிச்சா முன்னாடியே முடிஞ்சுடும். பதினாலுல ஆரம்பிச்சா தாண்டிடும். நாங்க கணக்கை எப்பவும் விழற இடத்துலேர்ந்து பின்னாடிதான் போடுவோம். ஆரம்பத்துலேர்ந்து போட மாட்டோம்.

அந்தக் கார்வையையும் மறந்துடாதீங்க. ரெண்டு சொல்லுக்கு நடுவுல விடற அந்த அமைதிக்கும் மாத்திரை உண்டு. அது காலி இடம் இல்ல.

---

மழைக்குறிப்பு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற தலைப்புகள் மூன்றையும் எடுத்துவிட்டேன். இப்போது பாகங்களுக்குப் பெயரே இல்லை.

அந்த ராத்திரி மூன்று இடத்தில் வருகிறது. முதலில் 38 பக்கம், மிக மெதுவாக, இரண்டு பெண்களும் சேர்ந்து கேட்பதாக. பிறகு அக்காவின் ஞாபகத்தில் 9 பக்கம். கடைசியில் தங்கையிடம் ஒரே ஒரு பத்தி. மூன்றிலும் ஒரே வரிசை: விளக்கு அணைகிறது, அம்மா இருமுகிறாள், தாழ்ப்பாள். அந்த வாக்கியத்தை மூன்று இடத்திலும் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. முதல் முறை அது யாரோ போகிற சத்தம். இரண்டாவது முறை, அக்காவுக்குத் தெரிந்திருந்தும் எழுந்து போய்த் தடுக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். மூன்றாவது முறை, தாழ்ப்பாளைத் திறந்த கை தங்கையுடையது. எட்டு வயதுக் குழந்தை. அப்பா அவளை எழுப்பித் திறக்கச் சொல்லியிருக்கிறார். இது எனக்கே போன மாதம்தான் தெரியவந்தது. நான்கு வருடமாக இந்தக் கதையோடு இருந்தும், மூன்றாவது முறை அந்தச் சத்தம் ஏன் வர வேண்டும் என்று கேட்டபோதுதான் அந்தக் கை கண்ணில் பட்டது.

நகராத நூறு பக்கத்தில் 44 பக்கம் போய்விட்டது. கல்யாணத்தை அரைப் பக்கத்தில் முடித்தேன். சாவுக்குப் பிறகு வீட்டில் எதுவும் நடக்காத ஒரு மதியத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். அது என் கார்வை. மூன்றாவது தாழ்ப்பாள் எங்கே விழ வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, தங்கையின் பகுதி எங்கே தொடங்க வேண்டும் என்று வைத்தேன். மொத்தம் இப்போது 296 பக்கம்.

ஒரு இடத்தில் மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. தாழ்ப்பாளுக்குப் பிறகு என்ன?

---

மந்த்ரஸ்தாயி

கிருதியை எப்படி முடிப்போம் என்று உங்களுக்கே தெரியும். சரணம் முடிந்து பல்லவிக்கு வந்து, வரியை முழுதாகப் பாட மாட்டோம். தொடக்கத்துச் சொற்கள் வந்து எடுப்பில், பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தில், சேர்ந்ததும் நிறுத்திவிடுவோம். மீதி வரி எல்லோருக்கும் தெரியும்.

---

ஒற்றைவரி

மழைக்குறிப்பு, நான் முதலில் சொன்னதில் ஒரு பகுதியை இன்னும் விடவில்லை. திறந்தது தங்கையின் கை என்பது கதை, இசை அல்ல. ஆனால் அந்தக் கையை நீங்கள் கண்டுபிடித்த வழி வேறு. அது எனக்குத் தெரிந்த எந்தக் கதைத்திட்ட முறையிலும் இல்லை. இதை நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த மூன்றாவது பத்தியை மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா?

---

மழைக்குறிப்பு

அனுப்புகிறேன் சார். ஆனால் அதற்கு முன்னால் அந்த 38 பக்கத்தையும் 9 பக்கத்தையும் படிக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து இன்றிரவு அனுப்புகிறேன்.